கொல்லிமலையில் பிறந்த டாக்டர்: பால் பிராண்ட்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு மறந்தும் இருக்கிறோம். இந்த அறிவுரை உலகம் முழுவதும் பரவியதில் ஒரு மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்தது லண்டனிலோ அமெரிக்காவிலோ அல்ல. நம் நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம், ராசிபுரம் தாண்டிப் போனால் வருகிற கொல்லிமலையில்தான். அவர் பெயர் டாக்டர் பால் பிராண்ட். வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் செய்த சேவையால் மருத்துவ உலகம் முழுவதும் அறிந்த பெயர் அது. ஆனால் பிறந்த பக்கத்தில் இருக்கும் நமக்கு அவரைப் பற்றி அதிகம் தெரியாது.

அவருடைய தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்கள். இன்றைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் காரிலேயே மேலே போய்விடுகிறோம். அன்று கால்நடையாகவோ டோலியிலோ ஏற வேண்டும். மலையில் மலேரியாக் காய்ச்சல் வாட்டி எடுத்த காலம் அது. வெளியூர்க்காரர்கள் அங்கே தங்கவே பயப்படுவார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் ஒரு வருடம் மட்டுமே மருத்துவப் பயிற்சி பெற்றவர். அதை வைத்துக்கொண்டு மலைவாழ் மக்களுக்குப் பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், நரம்புச் சிலந்திப் புழுவை மெதுவாகச் சுற்றி வெளியே எடுத்தார். தன் வீட்டைத் தானே கட்டினார். அந்த வீட்டில் 1914 ஜூலை 17 அன்று பிறந்த பால், தமிழ் பேசி, மரம் ஏறி, மலைக் குழந்தைகளோடு ஓடியாடி வளர்ந்தார்.

சிறு வயதில் அவர் கண்ட ஒரு காட்சி கடைசி வரை அவர் நினைவில் இருந்தது. தொழுநோய் கண்ட சிலர் சிகிச்சைக்காக வீட்டுக்கு வந்தார்கள். யாருக்கும் முகம் சுளிக்காத தந்தை அன்று கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப் போட்டார். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். எதற்கும் அஞ்சாத அப்பாவே அஞ்சுகிற ஒரு நோய் இருக்கிறது என்று அந்தப் பையனுக்கு அன்று புரிந்தது. பிற்காலத்தில் அதே நோய்தான் அவருடைய வாழ்க்கை வேலையாக ஆனது.

1923-ல், 9 வயதில், படிப்புக்காக அவரையும் தங்கை கோனியையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். தந்தையிடமிருந்து கடிதம் தவறாமல் வரும். 1929-ல் ஜெஸ்ஸி பிராண்ட் மலேரியாவோடு தொடர்புடைய கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். தந்திச் செய்தி உடனே கிடைத்துவிட்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த கடிதங்களோ அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இறந்துபோன அப்பாவின் கையெழுத்தில் புதுக் கடிதம் வந்தால் 14 வயதுப் பையன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிப்பில் அவருக்குப் பெரிய நாட்டம் இல்லை. 16 வயதில் பள்ளியை விட்டு விலகி, தந்தையைப் போலக் கட்டட வேலை கற்கப் போனார். ஐந்து ஆண்டுகள் தச்சு வேலை, கொத்து வேலை எல்லாம் முறையாகப் பழகினார். டாக்டராகும் எண்ணமே அப்போது இல்லை. ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கான அடிப்படை மருத்துவ வகுப்பில் சேர்ந்தபோதுதான் அந்த ஆசை பிறந்தது. 1937-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவ மாணவரானார். தச்சுப் பட்டறையில் கழித்த ஐந்து ஆண்டுகள் வீண் என்று அன்று யாராவது நினைத்திருக்கலாம். அது வீணாகவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது விமானங்கள் குண்டு போட்டபோது அவர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தார். இடிபாடுகளிலிருந்து தூக்கி வரப்பட்டவர்கள், கண்ணாடிச் சில்லு தைத்தவர்கள், கை கால் நசுங்கியவர்கள் என்று இரவெல்லாம் வந்துகொண்டே இருப்பார்கள். நசுங்கிய கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவைச் சிகிச்சையில் அவருக்கு அனுபவம் கிடைத்தது இந்தக் காலத்தில்தான். உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-ல் மணந்தார்.

போர் முடிந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் தேவைப்பட்டார்கள். கல்லூரியை அப்போது வழிநடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றவர். அவர் அழைப்பை ஏற்று 1946 கடைசியில் பால் பிராண்ட் வேலூருக்கு வந்தார். மனைவியும் குழந்தைகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். பிறந்த மண்ணுக்குத் திரும்பியபோது அவருக்கு 32 வயது.

வந்த சில மாதங்களில் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு அருகிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். விரல்கள் கொக்கி போல மடங்கிய கைகள், விரலே இல்லாத கைகள் என்று பார்க்கும் இடமெல்லாம் சிதைந்த கைகள். இவற்றை ஏன் யாரும் சரிசெய்யவில்லை என்று பிராண்ட் கேட்டார். உலகில் எந்த எலும்பு மருத்துவ நிபுணரும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே காக்ரேன் தந்த பதில். அப்போது ஒரு நோயாளியிடம், தன் கையை நன்றாக அழுத்திப் பிடிக்கும்படி பிராண்ட் சொன்னார். மடங்கிய விரல்களில் பலம் இருக்காது என்பது அவர் கணக்கு. அந்த மனிதர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி உயிர்போனது. பிடித்தவருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த ஒரு பிடியில் பிராண்டுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, கையில் பலமான தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாம். இரண்டு, அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை. முதல் விஷயம் அவரை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனது. இரண்டாவது, அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியானது.

முதலில் அறுவைச் சிகிச்சையைப் பார்ப்போம். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. தோலுக்கு அருகே, உடம்பின் குளிர்ச்சியான இடங்களில் ஓடும் நரம்புகள்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன. முழங்கை அருகே ஒரு நரம்பு பழுதானால், உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். முன்கையின் பெரிய தசைகள் நன்றாகவே இருக்கும். இந்த இழுபறியில் விரல்கள் கொக்கி போல மடங்கிவிடும். பிராண்ட் என்ன செய்தார் என்றால், முன்கையின் நல்ல தசை ஒன்றின் நாணைப் பிரித்து, நீட்டி, தோலுக்கடியில் கொண்டுபோய் விரல்களில் இணைத்தார். அதன்பின் பல வாரப் பயிற்சி. ஒரு வேலைக்குப் பழகிய தசையை வேறு வேலைக்குப் பழக்க வேண்டும் அல்லவா? நாள்பட மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன. பேனா பிடிக்க முடிந்தது. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடிந்தது. தொழுநோயாளிகளின் கைகளுக்கு இப்படி அறுவைச் சிகிச்சை செய்து சீராக்கிய முன்னோடி அவர்தான்.

ஆனால் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாகத் தெரிவதால் பிச்சை போட ஆளில்லை, தொழுநோய் கண்டவர் என்பதால் வேலை கொடுக்கவும் ஆளில்லை. கையைத் திருத்தினால் மட்டும் போதாது, பிழைக்க வழியும் வேண்டும் என்று பிராண்ட் உணர்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் வேலூரில் இவர்களுக்காக நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. எளிய மண் வீடுகள், ஒரு தச்சுப் பட்டறை. வயதான பெண் ஊழியர் ஒருவர் தந்த நன்கொடைதான் அதற்கு முதல். அந்தப் பட்டறையில் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பிராண்டே. உணர்ச்சியற்ற கைக்குக் காயம் வராதபடி உளி, ரம்பம் இவற்றின் பிடிகளை மாற்றி அமைத்தார். இளம் வயதில் கற்ற தச்சு வேலை இங்கேதான் கைகொடுத்தது.

இனி இரண்டாவது விஷயம். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகித் தானாக உதிரும் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பிராண்டுக்குச் சந்தேகம் வந்தது. அறுவைச் சிகிச்சை செய்தால் அதே சதை மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறுகிறது. அழுகும் சதை எப்படி ஆறும்? அப்படியானால் விரல்கள் எங்கே போகின்றன?

அவரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு நோயாளியின் கையையும் காலையும் தினந்தோறும் பார்த்து, புதிதாகச் சிறு கீறல் கண்டாலும் அது எப்படி வந்தது என்று கேட்டு எழுதிவைத்தார்கள். வங்கியில் கணக்கு இடித்தால் ஒவ்வொரு சீட்டாகப் பார்ப்போமே, அந்த மாதிரி. காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பெரியவர்களால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியை வெறும் விரலால் திருகித் திறந்துவிட்டான். பிராண்ட் அவன் கையை வாங்கிப் பார்த்தால் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. சூடான பாத்திரத்தை வெறும் கையால் தூக்கிக் கொப்புளம் வந்தவர்கள் இருந்தார்கள். சுருட்டு விரல் வரை எரிந்து சுட்டதும் தெரியாமல் இருந்தவர்கள் இருந்தார்கள்.

எந்தக் காரணமும் சொல்ல முடியாமல் இரவோடு இரவாக விரல் துண்டு காணாமல்போனதும் நடந்தது. ஒருவரை இரவு முழுதும் காவல் வைத்துப் பார்த்ததில் உண்மை தெரிந்தது. தூங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்றிருக்கிறது. வலித்தால்தானே கையை இழுப்பார்? அதன்பிறகு நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எலித் தொல்லை ஒழிந்தது.

ஆக, விரல்களை நேரடியாகத் தின்றது நோய் அல்ல. நோய் வலியை எடுத்துவிட்டது. வலி போன உடம்பு, அன்றாட வேலைகளிலேயே தன்னைத் தானே அழித்துக்கொண்டது. இது பெரிய கண்டுபிடிப்பு. காரணம், விதி என்று விட்டுவிட்ட ஒன்றை இனி தடுக்க முடியும். தினமும் கை கால்களைப் பார்ப்பது, காயத்துக்கு உடனே ஓய்வு கொடுப்பது, சரியான செருப்புப் போடுவது என்று மூன்று வழிகளை அவர்கள் கடைப்பிடித்தார்கள். சாதாரணத் தோல் செருப்பு உணர்ச்சியற்ற காலைக் கடித்துப் புண்ணாக்கியது. பல பொருள்களைச் சோதித்துப் பார்த்து, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மிருதுவான ரப்பரைச் செருப்புக்குக் கொண்டுவந்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் நம் நாட்டில் தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுப்பது அதைத்தான். 1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சிக்கென்று தனி மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

இவ்வளவு செய்தவருக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து, ஒரு விடுதியில் இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தார். குண்டூசியால் குத்தினார். வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். மனைவி மக்களை விட்டுப் பிரிய வேண்டுமே, தன்னைப் பார்த்து இந்த வேலைக்கு வந்த இளைஞர்கள் பயந்து ஓடிவிடுவார்களே என்றெல்லாம் மனம் அலைந்தது. காலையில் மறுபடி ஊசியால் குத்தியபோது வலியில் கத்திவிட்டார். ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு அமுங்கி மரத்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து வலி ஒரு வரம் என்பதை அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, அனுபவித்துச் சொன்னார்.

அவருடைய குடும்பத்துப் பெண்கள் இருவரையும் சொல்லாமல் இருக்க முடியாது. மனைவி டாக்டர் மார்கரெட், தொழுநோயாளிகளின் கண்களைக் கவனித்தார். உணர்ச்சி போனதால் கண் இமைப்பதில்லை, கண் வறண்டு புண்ணாகிப் பார்வை போகிறது. மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அவர் இந்த நோயாளிகளுக்குச் செய்தார். அதன்பின் பல்லை அழுத்தினாலோ மென்றாலோ கண் மூடும். தாய் எவலின், கணவர் இறந்த பிறகும் இந்தியாவில் ஊழியத்தைக் கைவிடவில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வா என்று சங்கத்தார் சொன்ன வயதில், தனியாக மலைக்கே திரும்பினார். சிறு குதிரையில் கிராமம் கிராமமாகப் போய் வைத்தியமும் ஊழியமும் செய்துகொண்டு, 1974-ல் 95 வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்கு அருகே கொல்லிமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1966-ல் பால் பிராண்ட் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் அந்நாட்டின் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. பிறந்த நாட்டில் 20 ஆண்டு கற்றதை, மூன்றாவதாக ஒரு நாட்டில் குடியேறிப் பயன்படுத்தினார். அங்கே அவர் செய்த ஆராய்ச்சிகளில் இரண்டு நமக்கு முக்கியம்.

ஒன்று, செயற்கை வலி. உணர்ச்சியற்ற கை கால்களுக்கு அழுத்தம் கூடினால் எச்சரிக்கும் கருவி பொருத்திய கையுறையும் காலுறையும் செய்து பார்த்தார்கள். முதலில் ஒலி எழுப்பும்படி அமைத்தார்கள். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். அவசர வேலை இருந்தால் நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். பல ஆண்டு முயன்று கடைசியில் கைவிட்டார்கள். நாம் நிறுத்த முடியாதபடி இருப்பதால்தான் வலி நம்மைக் காப்பாற்றுகிறது என்பது அவர் கண்ட முடிவு.

இரண்டு, பாதப் புண். ஒரே இடத்தில் லேசான அழுத்தம் ஆயிரக்கணக்கான முறை விழுந்தாலே அந்த இடம் சூடாகி, வீங்கி, பிறகு புண்ணாகும் என்று சோதனைகளில் காட்டினார்கள். நமக்கு அப்படி ஆனால் தன்னை அறியாமல் நடையை மாற்றிக்கொள்வோம், நொண்டுவோம். உணர்ச்சி இல்லாதவர் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பார். சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் நடப்பது இதுதான் என்று பிராண்ட் கண்டார். அதற்கு முன், சர்க்கரைக்காரர் காலில் புண் வந்தால் ரத்த ஓட்டம் கெட்டதுதான் காரணம், ஆறாது, எடுத்துவிட வேண்டியதுதான் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ரத்த ஓட்டம் குறைவதும் ஒரு காரணம்தான். ஆனால் பல பேருக்கு உணர்ச்சி போனதே முதல் காரணம் என்றும், புண்ணின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் ஆறும் என்றும் அவர் வலியுறுத்தினார். இந்தியாவில் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் பயன்பட்டுவந்த மாவுக்கட்டு முறையை அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொண்டுபோனார். காலை வெட்டாமல் தடுக்க என்ன வழி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன யோசனை மிக எளிது. டாக்டர்கள் நோயாளியின் செருப்பையும் காலுறையையும் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அது.

1960-ல் லாஸ்கர் விருதும், 1961-ல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. விருதும் அவருக்குக் கிடைத்தன. ஓய்வுக்குப் பின் சியாட்டில் நகரில் வசித்து, 2003 ஜூலை 8 அன்று, 88 வயதில் காலமானார்.

இவர் வாழ்க்கையிலிருந்து நம் குடியிருப்பில் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இங்கே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். காலில் வலி இல்லை, அதனால் கால் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. வெயில் நேரத்தில் மொட்டை மாடியில் துணி எடுக்க வெறுங்காலோடு போவது, கோயில் பிரகாரத்துச் சூட்டில் நடப்பது, கால் எரிகிறது என்று சுடுதண்ணீரில் வைப்பது, காலாணியை பிளேடால் நாமே சீவுவது, புதுச் செருப்பை முதல் நாளே நெடுநேரம் போட்டு நடப்பது எல்லாம் மரத்த காலுக்கு ஆபத்து. இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். ஓர் இடம் மட்டும் சிவந்தோ சூடாகவோ இருந்தால், புண் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். செருப்பை மாட்டும் முன் உள்ளே கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். சில நிமிட வேலை, வலியே இருக்காது. நம் சங்கம் அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தும்போது, ரத்தம் எடுப்பதோடு நிறுத்தாமல் இந்தப் பாதப் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.